அரிதாரம் பூசிய கடிகாரங்கள்

கோடம்பாக்கத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் குடியிருப்பவனுக்கு, கலைக்கும் அவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், வேஷத்தை வேஷமென்று அறியும் ஒரு கண் தானாகவே வாய்த்துவிடும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். காலையில் பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் கசங்கிய சட்டையோடு என் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஆசாமி, மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் டீ குடிக்க வரும்போது நரைத்த மீசையும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக ஜமீன்தார் கோலத்தில் நிற்பதை எத்தனையோ முறை பார்த்துப் புன்னகை செய்திருக்கிறேன். அப்படிப் பழகிய கண், ஒரு பழைய கைக்கடிகாரத்தின் முகத்தில் பூசியிருந்த அரிதாரத்தை அறியாமல் ஏமாந்துபோயிற்று என்பதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், பழைய வாட்ச் ஒன்றை முதன்முதலாக வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர் யாருக்கேனும் என் நஷ்டம் லாபமாக முடியுமானால், அந்த வெட்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான் வாங்கியது எச்.எம்.டி. கம்பெனியின் 'பைலட்'. பழுத்த கிச்சிலிப் பழத்தின் நிறத்தில் பளபளத்த அதன் முகமும், கீறல் ஒன்றும் இல்லாத கண்ணாடியும், ஐம்பது வருஷத்துப் பொருள் இத்தனை புதுமையோடு நமக்கென்றே காத்திருந்ததே என்ற பிரமையும் சேர்ந்து, விற்றவர் சொன்ன விலையைப் பேரம்கூடப் பேசாமல் கொடுக்கச் செய்துவிட்டன. மறுநாள் ஸ்ட்ராப் மாற்றுவதற்காக, ஒரு கண்ணாடிப் பெட்டியும் மேஜை விளக்கும் மட்டுமே கடையென்று வைத்திருக்கும் எங்கள் தெருமுனைக் கடிகாரப் பெரியவரிடம் அதை நீட்டினேன். அவர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பைலட்டுக்கு ஏது சார் ஆரஞ்சு கலரு? கறுப்புத்தானே அதுக்கு முகம். இது புதுசா டயல் அடிச்சது. கோடம்பாக்கத்துல இருந்துக்கிட்டு மேக்கப் தெரியலேன்னா எப்படி சார்?"

அன்று தொடங்கிய பாடம் இன்னும் முடிந்தபாடில்லை.

காலக் கணக்கு நம் பக்கத்திற்குப் புதிய விஷயமன்று. எங்களுக்கு அடுத்த ஊரான நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாராய்ச்சிக் கூடத்தின் 'மெட்ராஸ் டைம்'தான், 1906-ல் இந்திய நேரம் என்ற ஒன்று நிர்ணயமாகும் வரையில், இத்தேசத்து ரயில்களை ஓட்டிக்கொண்டிருந்தது. மவுண்ட் ரோட்டில் பீட்டர் ஆர் என்ற வெள்ளைக்காரர் 19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனியின் மணிக்கூண்டைப் பார்த்துத் தம் பைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட வக்கீல்கள் மயிலாப்பூரில் இருந்தார்கள். ஆனால் அவையெல்லாம் வசதியுள்ளோரின் சமாசாரம். குமாஸ்தாவின் கையிலும் பள்ளி ஆசிரியரின் கையிலும் கடிகாரம் ஏறியது, 1953-ல் இயந்திரங்கள் செய்வதற்கென ஏற்பட்ட அரசாங்க ஸ்தாபனமாகிய ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய பிற்பாடுதான். முதல் தொகுதியைப் பிரதமர் நேருவே வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஆட்டோமேடிக்கான காஞ்சன் என்று வரிசையாக வந்தவை எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெறும் தலைமைக் குமாஸ்தாவுக்கும் உரிய மரியாதைப் பொருள்களாயின. அக்காலத்தில் வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமையாதலால், ரோமர், டிட்டோனி, எனிகார், ஃபாவ்ர் லூபா என்ற பெயர்கள் சிங்கப்பூர் மாமாக்களின் மணிக்கட்டிலும், திருட்டுத்தனமாகக் கரையேறிய மூட்டைகளிலும், நம் படங்களில் வில்லன் திறந்து காட்டும் பெட்டிகளிலும் காணப்பட்டன.

பிறகு 1969-ன் கிறிஸ்துமஸ் தினத்தில் ஜப்பானின் சீக்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. 1984-ல் டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் அதே குவார்ட்ஸை அழகழகாகச் செய்து குவித்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச்சுகள் ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் போயின. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடிவிட மத்திய மந்திரிசபை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. இனிமேல் வராது என்று தெரிந்த பொருளின்மேல் மனிதருக்கு ஏற்படும் மோகம் விசித்திரமானது. ஜனதாவைக் கையில் கட்டக் கூச்சப்பட்டவர்களின் பிள்ளைகள் இப்போது அதைத் தேடி அலைகிறார்கள். தேவை பெருகியதும் வேஷக்காரர்களுக்கும் வேலை வந்தது.

இந்த வேஷம் எப்படிப் போடப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிப் பரீட்சை முடிந்த மாதிரி. கறையேறிய அசல் டயலைக் கழற்றி, அதிலுள்ள வர்ணத்தையும் எழுத்தையும் சுரண்டித் தகட்டை வெறுமையாக்கி, மேலே புது வர்ணம் அடித்து, கம்பெனியின் பெயரையும் நிமிஷக் கோடுகளையும் மறுபடி அச்சிடுகிறார்கள். எங்கெங்கோ செத்துப்போன வாட்ச்சுகளிலிருந்து மெஷினையும் முட்களையும் பொறுக்கிச் சேர்த்து, கேஸைப் பளபளவென்று பாலிஷ் செய்து, பச்சை, சிவப்பு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் முகங்களோடு சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இத்தொழில் பம்பாயில் மிகுதியாக நடப்பதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இத்தகைய வாட்ச்சுகளுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பட்டப் பெயரே சூட்டியிருக்கிறார்கள். ராணுவத்து அம்புக்குறி, விமானப்படைச் சின்னம், ரயில்வே முத்திரை என்று வாங்குபவனின் தேசபக்தியைத் தூண்டும் அலங்காரங்கள் முகத்தில் இருந்தால், சந்தேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வது நலம். சாமான்யமான வாட்ச் ஒன்றுக்கு ஒரு சின்னத்தைக் குத்திவிட்டால் அது போருக்குப் போய் வந்த வாட்ச் ஆகிவிடுகிறது. ராணுவ உடை போட்ட துணை நடிகரை உண்மைச் சிப்பாய் என்று எண்ணி சல்யூட் அடிக்கிற கதைதான்.

சிப்பாய் என்றதும் குதிரைப்படை வாட்ச் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரின் பெயரே ஆர்க்காட்டு நவாபின் குதிரைத் தோட்டமாகிய 'கோடா பாக்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாயிலிருந்து இந்தியச் சிப்பாய்களுக்கு வாட்ச் விற்ற வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, தன் பிரசித்தமான வாட்ச்சுக்கு 'சவார் பிரைமா' என்று பெயர் வைத்தது. சவார் என்றால் குதிரை வீரன். நல்ல கனமான, நெடுநாள் உழைக்கும் வாட்ச் அது. இன்று விற்பனைக்கு வரும் சவார்களில் பலவும் மறுஅச்சு முகத்தோடு வருகின்றன என்பதுதான் துக்கம்.

ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது டயல். சாதாரண வெளிச்சம் போதாது. பகல் வெளிச்சத்தில், சிறியதொரு லென்ஸின் வழியாகப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்தின் ஓரம் கத்தி வெட்டினாற்போலத் துல்லியமாக இருக்கும். மறுஅச்சில் மை சற்றே கசிந்து, 'எம்' என்ற ஆங்கில எழுத்தின் இடுக்குகள் அடைபட்டும், கோடுகள் தடித்தும் மெலிந்தும் தோன்றும். நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவில் வந்து சேர வேண்டும். அங்கே ஓர் இழை விலகினாலும் கை வேலை என்று அர்த்தம். தேதி காட்டும் ஜன்னலின் விளிம்பில் வர்ணம் வழிந்து திரண்டிருந்தால் அதுவும் அப்படியே. டயலின் ஓரத்தில் அரம் கொண்டு ராவினாற்போல் சிறு வெட்டு ஒன்று தெரிந்தால், மறுஅச்சுக்காரர் தம் அடையாளத்துக்காக வெட்டியதாக இருக்கக்கூடும். ஜனதாவின் தேவநாகரி எழுத்து நம்மில் பலருக்கு வாசிக்கத் தெரியாததனால் போலிக்காரருக்கு அங்கே தைரியம் அதிகம். அசல் ஜனதா ஒன்றின் தெளிவான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இருட்டில் ஒளிரும் பூச்சு நல்ல சாட்சி. 1960-கள் வரையில் ரேடியமும், அதற்குப் பிறகு டிரிட்டியமும் வாட்ச்சுகளில் பூசப்பட்டன. டிரிட்டியத்தின் கதிர்வீச்சு பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ரேடியமோ ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆனாலும் பாதிதான் தீரும், ஆனால் அதன் தாக்குதலில் கூடவே கலந்த ஒளிரும் பொருள் எப்போதோ கருகிப்போயிருக்கும். ஆகவே 1965-ல் செய்ததென்று சொல்லப்படும் ஸ்விஸ் வாட்ச் இருட்டறையில் தீபாவளி மத்தாப்பு மாதிரி பச்சையாக ஜொலித்தால், அதன் வயதை நம்ப வேண்டாம். அந்தப் பூச்சு அண்மைக் காலத்தது. டிரிட்டியம் பூசிய ஸ்விஸ் டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்ற எழுத்து இருப்பது வழக்கம். மற்றொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: ரேடியம் பூசிய பழைய வாட்ச்சைக் குறுகுறுப்பினால் நாமே திறந்து சுரண்டிப் பார்க்கக் கூடாது. அந்தத் தூளைச் சுவாசிப்பது அபாயம். அமெரிக்காவில் 1920-களில் அதைத் தூரிகையால் தீட்டிய பெண்கள் பட்ட வேதனை சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது.

டயலிலிருந்து முட்களுக்கு வருவோம். இங்கேதான் பெரியவர் எனக்குச் சொன்ன சூத்திரம் உபயோகப்படும். "எல்லாத்துக்கும் ஒரே வயசு இருக்கணும் சார்," என்பார் அவர். முட்களின் பூச்சு பழுப்பேறி, டயலின் பூச்சு வெளுப்பாக இருந்தால், இரண்டும் ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அல்ல. விநாடி முள் தன் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றாலும், அதைத் தாண்டி நீண்டாலும், அது வேறொரு வாட்ச்சின் முள். பின்மூடியில் வருஷக்கணக்கான வியர்வை அரித்த குழிகள் இருக்க, முகம் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தை போலிருந்தால், அந்த முகத்தின் பிறப்பை விசாரிக்க வேண்டியதுதான். நம் சென்னையின் வியர்வையும் கடற்காற்றும் எதையும் விட்டுவைப்பவை அல்ல. அடையாற்றிலும் சாந்தோமிலும் நாற்பது வருஷம் கையில் இருந்த வாட்ச்சின் குரோமியப் பூச்சு, ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் முனையில் தேய்ந்து, அடியிலுள்ள பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அதைக் குறையென்று நான் கொள்வதில்லை. உண்மையான குறை, பாலிஷ் சக்கரத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்து, கூராக இருக்க வேண்டிய விளிம்புகளைச் சோப்புக் கட்டியைப் போல் மழுக்கிவிடுவது. தேய்ந்த பூச்சை வேண்டுமானால் மறுபடி ஏற்றலாம்; கரைந்த உலோகத்தை ஏற்ற முடியாது.

ஜப்பானிய சீக்கோ வாங்குவோருக்கு ஒரு வசதி உண்டு. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்தவையும், பர்மாவிலிருந்து வந்த நம்மவர்களுக்காக 1960-களில் ஏற்பட்ட பர்மா பஜாரில் கை மாறியவையுமாகச் சென்னையில் 'சீக்கோ 5' ஏராளம்; போலி முகங்களும் அதற்கேற்ப ஏராளம். ஆனால் அதன் பின்மூடியில் 6119, 7009 என்பது போன்ற நான்கு இலக்க மெஷின் எண்ணும், அதன் பின் கேஸ் எண்ணும் பொறித்திருக்கும். டயலின் அடி விளிம்பில் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் அதே மெஷின் எண் மறுபடி வரும். உள்ளேயிருக்கும் மெஷினிலும் அது இருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் குறிக்கும். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் மாடலைக் கொண்டு நாமே ஊகிக்க வேண்டும்.

இதனால்தான் பின்மூடியைத் திறந்து காட்டும்படி கேட்பது வாங்குகிறவனின் உரிமை. கொடுக்க மனமுள்ளவர் திறந்து காட்டுவார். "சீல் போயிடும் சார், வேணாம்" என்று இழுப்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். உள்ளே பார்த்தால் நமக்கு என்ன தெரியும் என்று தயங்க வேண்டாம். செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கிறதா, திருகாணிகளின் தலைகள் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் கிழிபட்டிருக்கின்றனவா, மெஷினின் மேல் பெயரும் எண்ணும் இருக்கின்றனவா, பாலன்ஸ் சக்கரம் வீசி வீசி அகலமாக ஆடுகிறதா அல்லது சோம்பலாக நடுங்குகிறதா என்ற இவ்வளவும் சாதாரணக் கண்ணுக்கே தெரியும். எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் மெஷின்களில் பிரசித்தமான 0231, பதினேழு கல் வைத்தது. மணிக்குப் பதினெட்டாயிரம் முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை, டிக் என்று அடிக்கும். ஒரு நாளில் 4,32,000 அடி. இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு, நாளொன்றுக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே போகும் கிழட்டு ஜனதாவை நான் குறை சொல்வதை விட்டுவிட்டேன்.

ஓட்டத்தைச் சோதிக்க நல்ல வழி, சாவியை முழுமையாகக் கொடுத்து, டயல் மேல்நோக்கியும் பிறகு சாவிப் பக்கம் கீழ்நோக்கியும் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பது. இரண்டு நிலைகளுக்கும் வித்தியாசம் மிகுந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது பாலன்ஸின் அச்சு தேய்ந்திருக்கிறது. ஆட்டத்தைக் கோணத்தில் அளந்து காட்டும் சிறு யந்திரம் இப்போது பல சர்வீஸ் கடைகளில் உண்டு. 270 டிகிரியைச் சுற்றி இருந்தால் ஆரோக்கியம், 200-க்கும் கீழே போனால் வைத்தியச் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேச வேண்டும். "இப்போதுதான் சர்வீஸ் பண்ணினது" என்ற வாக்கியத்தைப் பழைய வாட்ச் விற்கும் ஒவ்வொருவரும் சொல்லுவார். யார், எப்போது என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சு வளருவதில்லை.

மாறியிருந்தால் பாதகமில்லாதவையும் உண்டு. ஸ்ட்ராப் எப்படியும் பழையதாக இராது. பிளாஸ்டிக் கண்ணாடி கீறுவதும் மாற்றப்படுவதும் இயல்பு. மெயின் ஸ்பிரிங் அறுந்து புதியது போட்டிருப்பார்கள். இவற்றுக்காக ஒரு நல்ல வாட்ச்சைக் கைவிடுவது, தாத்தாவுக்குக் கட்டுப்பல் இருக்கிறது என்பதற்காக அவர் தாத்தாவே அல்ல என்று சொல்வதற்கு ஒப்பாகும். முகமும், முட்களும், கேஸும், மெஷினும் ஒன்றோடு ஒன்று பிறந்தவையா என்பதே கேள்வி. பழைய ரசீதோ காரண்டிக் கார்டோ கூடவே கிடைத்தால் அது அதிர்ஷ்டம்; அதிலுள்ள எண்ணை வாட்ச்சின் எண்ணோடு ஒப்பிடாமல் மகிழ்ந்துவிட வேண்டாம், காகிதத்துக்கும் இரண்டாம் கல்யாணம் நடப்பதுண்டு.

எங்கே தேடுவது என்று கேட்பார்கள். 1900-ல் எழுந்து 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட் இருந்திருந்தால், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அலைவதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது என் அபிப்பிராயம் வேறு: முதலில் சொந்த வீட்டுப் பீரோவைத் திறக்க வேண்டும். அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில், பவுடர் டப்பாவிலோ மோதிரப் பெட்டியிலோ, அப்பா கழற்றி வைத்த வாட்ச் நின்றுபோன மணியைக் காட்டிக்கொண்டு கிடக்கும். யார் வாங்கியது, எந்த மணமேடையில் கட்டியது, எத்தனை வருஷம் கட்டினார் என்பதற்கு வீட்டில் உயிருள்ள சாட்சிகள் இருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தில், அப்பாவின் இடது கையில், டயலின் நிறம்கூட ஓரளவு தெரியும். எந்த வியாபாரியாலும் கொடுக்க முடியாத அத்தாட்சி இது. ஒரே ஆபத்து, பாசத்தின் மிகுதியால் அதைப் 'புதுசு மாதிரி' ஆக்கித் தரும்படி யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. என் தகப்பனார் சூரியனைப் பார்த்து மணி சொல்லும் வர்க்கம். ஆதலால் ஆரஞ்சு முகத்தை வாங்கி ஏமாந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு, ரங்கராஜபுரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஒரு ஜனதாவை வாங்கினேன். அவரே கட்டிய வாட்ச். நான்கு மணிக் குறிக்குப் பக்கத்தில் தேயிலைக் கறையைப் போல் ஒரு திட்டு, காதுகளில் பித்தளை, பின்மூடியில் வியர்வைக் குழிகள். பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை, அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தம் செய்து எண்ணெய் போட்டுத் தந்தவரிடம், அந்தத் திட்டை மட்டும் ஏதாவது செய்ய முடியுமா என்று, பழக்க தோஷத்தினால், கேட்டுவிட்டேன்.

"கைய வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"வேண்டாம் ஐயா," என்றேன்.

பின்மூடியை அழுத்தி மூடி, சாவியை நாலு சுற்றுச் சுற்றி, சுவரில் மாட்டியிருந்த குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்து என் கையில் கொடுத்தார். மணி ஆறு இருபது. ஸ்டேஷன் பக்கமிருந்து தாம்பரம் வண்டியின் சத்தம் கேட்டது.